கையிருப்பில் உள்ள லென்ஸ்கள்

மார்ச் 4, செவ்வாய்

காது டாக்டர் இன்றும் போன் செய்தார். "என்னம்மா, என் மிஷினுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா, இல்ல இன்னும் வராந்தாவுலதான் படுக்க வச்சிருக்கீங்களா?" காது, மூக்கு, தொண்டைக்கு அறுவை செய்கிறவர். எங்கள் கம்பெனி செய்த பழைய டிஸ்க் பிளேயரை முதல் முதலாக வாங்கிய ஆட்களில் ஒருவர். கிண்டலாகத்தான் பேசுவார். போனை வைத்த பிறகுதான் உறுத்தும்.

என்ன பதில் சொல்ல? சர்வீஸ் அறையில் சுவரோர ஷெல்ஃப் முழுக்க, மூடி கழற்றிய பிளேயர்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே நோய். டிஸ்கைப் படிக்கிற லேசர் கண் தேய்ந்துவிட்டது. நாங்கள் வெறுமனே லென்ஸ் என்போம். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத சாமான். அது போனால், சுற்றியிருக்கிற அத்தனை கிலோ அலுமினியமும் வெறும் பெட்டி.

மதியம் அந்த லென்ஸைச் செய்கிற தொழிற்சாலையிலிருந்து பேசினார்கள். அந்தப் பிரிவையே மூடுகிறார்களாம். கடைசியாக ஒரே ஒரு ஆர்டர் எடுத்துக்கொள்வார்களாம். அறுநூறுக்கு மேல் தர முடியாது. அதோடு சரி.

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். கம்பெனி அவன் பொறுப்பு, சர்வீஸ் என் பொறுப்பு. அவன் யோசிக்கவே இல்லை. "அறுநூறையும் வாங்கிடு பாப்பா."

நாற்பத்தாறு வயதில் பாப்பா! அவனுக்கு ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால்தான் நான் பாப்பா. அது தெரிந்தும் இன்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

அந்த அறுநூறு எனக்கு இல்லை.

காலையில் பாட்டுக் கேட்கிற ரூமில் மீட்டிங். தடித்த திரை, கம்பளம், ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே ஒற்றை நாற்காலி. அதில் அண்ணன். மற்றவர்கள் மடக்கு நாற்காலியில். புது டிஸ்க் பிளேயர் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் டிசைனர் மூன்று வருஷமாக அதோடுதான் குடித்தனம் நடத்துகிறார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய எடை என்பதால் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் விழுந்துவிட்டது. டிசைனருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் துருத்திக்கொண்டிருக்கும்.

விளம்பரம், விற்பனை எல்லாம் அண்ணி. விளம்பரத்துக்கு எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினாள். "இதுவே நீங்கள் வாங்கும் கடைசி பிளேயர். உங்கள் ஆயுள் முழுதும் நாங்கள் உடன் இருப்போம்."

"யாரோட ஆயுள் அண்ணி?"

"கவிதை மாதிரி எழுதினா கணக்கு டீச்சர் மாதிரி கேக்கிறியே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிறகுதான் கேட்டேன், பெரியவருக்கு எத்தனை லென்ஸ் என்று.

"அறுநூறு" என்றான் அண்ணன்.

"சர்வீஸுக்கு?"

"அறுநூறு பெரியவர் பண்றோம்."

அவ்வளவுதான். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். பெரியவரின் மூடி கறுப்பா, சாம்பலா என்று.

மார்ச் 10, திங்கள்

இன்று அவன் அறைக்கே போய்க் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுத்தான்.

விற்கிற ஒவ்வொரு பெரியவரிலும் ஒரு லென்ஸ். அது ஒரு நாள் தேயும். தேய்ந்தால் மாற்ற ஒன்றுகூடக் கையில் இருக்காது. ஏற்கெனவே வாங்கினவர்களுக்கும் இல்லை. வேறு நல்ல லென்ஸ் எதுவும் பொருந்தாது, பொருந்துகிறவை எல்லாம் மலிவுச் சாமான். இதைத்தான் சொன்னேன். கத்தவில்லை.

அவன் பொறுமையாகக் கேட்டான். அவன் பொறுமையாக இருந்தால் எனக்குப் பயம்.

"உனக்கு டிஸ்க் பிளேயரே வேண்டாம்ங்கிறியா? நீயுமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"கேட்டுக்கோ. நெட்ல பாட்டு போடுற பெட்டியை எவன் வேணா செய்வான். ஒரு போன் செய்யற வேலை அது. இன்னிக்கு அதுல இருக்கிற பாட்டு நாளைக்கு இருக்குமான்னு யாருக்கும் தெரியாது. எவனோ எங்கேயோ உக்காந்து தூக்கிட்டான்னா போச்சு. டிஸ்க் வாங்கினவனுக்கு அது சொந்தம். வீடு முழுக்க டிஸ்க் வச்சிருக்கிறவன் எங்க போவான்? அதைப் படிக்க ஒரு உருப்படியான மிஷின் வேணுமா, வேண்டாமா? நம்மள மாதிரி ஆளுங்க செய்யலன்னா வேற யார் செய்வா?"

அவன் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. அதுதான் கஷ்டம். பெட்டி நிறைய டிஸ்க் வைத்திருக்கிறவள் நான். அவன் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

"செய்யலாம் அண்ணா. பாதி செய். பாதி லென்ஸை எடுத்து வை."

"பாதி செஞ்சா கட்டுபடியாகாது. ஒரு லென்ஸ் ஏழெட்டு வருஷம் ஓடும். அதுக்கப்புறம் யாரு இருப்பாங்க, யாரு போவாங்க."

"காது டாக்டர் இருப்பார்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மார்ச் 11, செவ்வாய்

ஆர்டர் போட்டாயிற்று. அறுநூறு. என் கையால்தான்.

மார்ச் 15, சனி

சனிக்கிழமை ஆபீஸில் யாரும் இருக்கமாட்டார்கள், வாருங்கள் என்று ஸ்கேல் கூப்பிட்டார். போனேன். பெரியவர் மேஜைமேல் இருந்தார். மூடி இன்னும் பெயிண்ட் அடிக்காமல், வெறும் உலோக நிறத்தில்.

"உக்காருங்க மேடம். எதுவும் பேசாதீங்க" என்றார்.

அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தேன். டிஸ்க் தட்டு ஓசையே இல்லாமல் உள்ளே போனது. ஒரு பெண் பாடுகிறாள், பக்கவாத்தியம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த டிஸ்க்தான், வீட்டிலும் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வரிக்கு முன்னால் அவள் எச்சில் விழுங்குகிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு அவள் பாடியது கொஞ்சம் நடுக்கமாக இருந்ததும். பயந்துகொண்டே பாடியிருக்கிறாள்! இத்தனை வருஷமாகத் தைரியசாலி என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் ஸ்கேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து மேஜை விளிம்பில் வைத்து எதையோ அளப்பதுபோல நின்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. அல்லது நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"எப்படி?" என்றார்.

"இதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றேன். நிஜம்.

இதைச் செய்யாதே என்று சொல்லவா நான்? ஆனால் வாங்குகிறவனும் இதே நாற்காலியில் இப்படித்தானே உட்காருவான். வாழ்நாள் முழுக்க என்று நம்பித்தானே கேட்பான்.

மார்ச் 20, வியாழன்

அண்ணன் என் அறைக்கு வந்தான். அவன் சர்வீஸ் பக்கம் வருவதே அபூர்வம். வாய் பிளந்து கிடக்கிற பிளேயர்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

ஏப்ரலில் டீலர்கள் கூட்டம். பெரியவரை அன்றுதான் காட்டப்போகிறார்கள். டீலர்கள் கட்டாயம் சர்வீஸைப் பற்றிக் கேட்பார்களாம். "அதுக்கு நீதான் பேசணும் பாப்பா. நான் சொன்னா வியாபாரம்னு நினைப்பாங்க. உன் வாய்ல வந்தா நம்புவாங்க. நீ இதுவரைக்கும் யாரையும் ஏமாத்தினது கிடையாது."

ஏமாற்றாதவள் என்பதால்தான் ஏமாற்றக் கூப்பிடுகிறான். அவனுக்கே அது உறைக்கவில்லை.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? அவன் முகம் அப்படி இருந்தது. போன வருஷத்திலிருந்து அவன் சரியாகத் தூங்குவதில்லை என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். பெரியவர் ஓடவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயர் பிரிவிலும் ஆட்களைக் குறைக்கவேண்டி வருமாம். எல்லாம் தெரியும் எனக்கு.

மார்ச் 24, திங்கள்

காது டாக்டர் நேரில் வந்துவிட்டார். கையில் துணிப்பை, அதில் பத்துப் பன்னிரண்டு டிஸ்க். எப்போதும் போனில்தான் பழக்கம், உருவம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான மனிதர். தன் பிளேயர் எங்கே என்று கேட்டு, ஷெல்ஃபில் காட்டியதும் அதன்மேல் லேசாகக் கை வைத்தார். பேஷன்ட்டைத் தொடுகிற மாதிரி.

லென்ஸ் இன்னும் வரவில்லை என்றேன். வழக்கமான கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எனக்குக் காது போயிட்டிருக்கும்மா" என்றார்.

உட்காரச் சொன்னேன்.

"மேல இருக்கிற ஸ்வரமெல்லாம் முதல்ல போகும். போயிட்டிருக்கு. ஆஸ்பத்திரியில யாருக்கும் சொல்லல. காது டாக்டருக்கே காது கேக்கலன்னா சிரிப்பாங்க இல்ல?" அவரே கொஞ்சம் சிரித்தார். "ஆஸ்பத்திரி டெஸ்ட்ல நம்பர்தான் வரும். எனக்கு இந்த டிஸ்க்ல எந்த இடத்துல வயலின் எவ்வளவு மேல போகும்னு மனப்பாடம். இதே டிஸ்க், இதே மிஷின், அதே ரூம். மாசாமாசம் போட்டுக் கேப்பேன். போன மாசம் கேட்ட இடம் இந்த மாசம் கேக்கலன்னா, அவ்வளவு போச்சுன்னு அர்த்தம். உங்ககிட்ட மிஷின் வந்ததிலேருந்து நான் எங்க நிக்கிறேன்னே எனக்குத் தெரியல."

நெட்டில் கேட்கலாமே என்று கேட்கத் தோன்றியது. கேட்கவும் செய்தேன், வெட்கமாக இருந்தாலும்.

"கேட்டுப் பார்த்தேன். அதே பாட்டுதான், வேற பதிவு. யாரோ பளபளன்னு துடைச்சு வச்சிருக்காங்க. என் அளவுகோல் அதுல இல்ல."

டிஸ்குகளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மிஷின் சரியானதும் இதைப் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று. ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருக்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

அண்ணனிடம் ஒரே ஒரு லென்ஸ் கேட்டேன். அறுநூற்றில் ஒன்று. டாக்டரைப் பற்றியும் சொன்னேன், பெயர் சொல்லாமல்.

"ஒருத்தருக்குக் குடுத்தா ஷெல்ஃப்ல இருக்கிற எல்லாருக்கும் குடுக்கணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு கதை இருக்கும்" என்றான்.

கல்நெஞ்சக்காரன் இல்லை அவன். கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால் கல்நெஞ்சக்காரன் என்று எழுதலாம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஏப்ரல் 2, புதன்

லென்ஸ் வந்துவிட்டது. அட்டைப் பெட்டிகள். மாடியில் ஸ்கேலின் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சாவி அண்ணனிடம்.

நான் எடுத்துவிடுவேன் என்று நினைக்கிறானா? நினைக்கிறான்போல. நானும் நினைத்தேன்.

ஏப்ரல் 5, சனி

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் ஓட்டுகிற மனுஷன், டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். போனில் பாட்டைப் போட்டு எவர்சில்வர் டம்ளருக்குள் நிற்க வைத்திருந்தார். சத்தம் பெரிதாகக் கேட்குமாம். எங்கள் கம்பெனியில் யாராவது பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்கள்.

அவர் எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "உங்க அண்ணன் முதலாளி. முடிவு அவருது. நீ ஏன் தலையைக் குடுக்கிற?" என்றார்.

"என்னைப் பேசச் சொல்றாரே!"

"பேசிட்டு வந்துடு. ஏழெட்டு வருஷம் கழிச்சு வர்ற சண்டைக்கு இன்னிக்கே ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கிற?"

"சிவப்பு சிக்னல் தெரிஞ்சும் வண்டியை விடுவீங்களா?"

"அது வேற, இது வேற. யாரும் சாகப்போறதில்ல." பிறகு கொஞ்சம் யோசித்து, "உனக்கு வேலை போச்சுன்னா அண்ணனும் போவாரு. அதையும் யோசி" என்றார்.

அது சரியான பேச்சு. கோபத்தில் டம்ளரோடு போனை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டேன். அங்கிருந்து இன்னும் சத்தமாகப் பாடியது.

ஏப்ரல் 8, செவ்வாய்

அண்ணி எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்துவிட்டேன். "எங்கள் சர்வீஸ் என்றும் உங்களோடு." நாளைக்குச் சொல்லவேண்டும். என்றும். என்றும். என்றும்.

ஏப்ரல் 9, புதன்

சொல்லிவிட்டேன். நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபீஸுக்குப் போகவில்லை. போகச் சொல்லி யாரும் போன் செய்யவும் இல்லை.

ஹோட்டல் ஹால். வட்ட மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஏழெட்டு டீலர்கள். மேடையில் கறுப்புத் துணி போர்த்திய பெரியவர். ஸ்கேல் புதுச் சட்டையில். அண்ணன் நன்றாகவே பேசினான், உள்ளதைச் சொல்கிறேன். டிஸ்க் ஏன் வேண்டும் என்று என்னிடம் சொன்னதை அங்கே இன்னும் அழகாகச் சொன்னான். துணியை எடுத்தபோது ஹாலே கை தட்டியது. பாட்டுப் போட்டார்கள். அவ்வளவு பெரிய ஹாலில், டீ கப்புகளும் கரண்டிகளும் சத்தமில்லாமல் நின்றுவிட்டன. அப்போதே ஆர்டர் வந்துவிட்ட மாதிரிதான்.

பிறகு நான். மனப்பாடம் செய்ததைப் பாதிவரைக்கும் சரியாகச் சொன்னேன். 'என்றும்' வருவதற்குள் ஒரு டீலரம்மா எழுந்தாள். கணீரென்ற குரல். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை, தேவையும் இல்லை.

"மேடம், நான் வித்த பழைய பிளேயர் நாலு உங்க ஷெல்ஃப்ல கிடக்கு. கேட்டா லென்ஸ் இல்லங்கிறீங்க. கஸ்டமர் என் கடை வாசல்ல நின்னு கத்துறார். இதுக்கு மட்டும் லென்ஸ் எங்கிருந்து வரும்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். சின்னப் புன்னகை. சொல்லு பாப்பா என்கிற மாதிரி.

சொல்லியிருக்கலாம். ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு வரி போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. வாயைத் திறந்தேன், அந்த வரி வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. தைரியம் எல்லாம் ஒன்றும் இல்லை.

"இதுல இருக்கிற லென்ஸ் ஏழெட்டு வருஷம் ஓடும். அதுக்கப்புறம் மாத்த எங்ககிட்ட லென்ஸ் இல்ல. செய்யற இடத்தையே மூடிட்டாங்க" என்றேன்.

எங்கோ ஒரு கரண்டி கீழே விழுந்தது.

ஏதாவது சேர்த்துச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. "ஆனா நான் கேட்டதுலயே நல்ல மிஷின் இதுதான். அதுவும் உண்மை" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணன் எழுந்து மைக்கை வாங்கி, "சாப்பாடு ரெடியா இருக்கு" என்றான்.

ஸ்கேல் மேடையிலேயே பெரியவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெரியவரை மறுபடி துணியால் மூடினார். மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, சனி

அண்ணி போன் செய்தாள். அழுதிருக்கிறாள், குரலிலேயே தெரிந்தது.

"ஏன் அப்படிப் பண்ணே?"

"அண்ணி, நேராக் கேட்டாங்க."

"நேராக் கேட்டா நேரா சொல்லிடணுமா? கல்யாணத்துக்கு வந்த இடத்துல, மாப்பிள்ளைக்கு என்ன வியாதின்னு கேட்டா சொல்லுவியா?"

"பொண்ணு கேட்டா சொல்லுவேன்."

"அவர் சாப்பிடவே மாட்டேங்கிறார். உன் பேரை எடுத்தா எழுந்து போயிடுறார்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கொஞ்ச நாள் லீவில் இருக்கும்படி மெயில் வந்திருக்கிறது. 'அன்புள்ள மேடம்' என்று ஆரம்பிக்கிறது. கீழே அண்ணன் பெயர்.

என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறவன், மேடம் என்று எழுதியிருக்கிறான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். காலையில் என் டிஸ்க் பெட்டியைத் தூசி தட்டி அடுக்கி வைத்திருந்தார், எல்லாம் தலைகீழாக.

மே 4, ஞாயிறு

அண்ணன் வந்தான். தனியாக. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று அவர்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தார். டம்ளருக்குள் போன் பாடிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, இது என்ன கொடுமை?" என்றான் அண்ணன்.

"பேஸ் நல்லா வருது மச்சான். காது வச்சுப் பாருங்க."

அண்ணன் நிஜமாகவே குனிந்து காது வைத்தான். ஒரு நொடி சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். அவர் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார், வேண்டுமென்றேதான்.

"அத்தனை பேர் முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சுட்டே."

"என்னை அத்தனை பேர் முன்னாடி பொய் சொல்ல நிக்க வச்சே நீ."

"அது பொய் இல்ல. அதுக்குள்ள ஏதாவது வழி கிடைக்கும்னு நம்பினேன். நம்பாம ஒரு நாள்கூடக் கடை திறக்க முடியாது. உனக்கு அது புரியாது. உனக்கு உடைஞ்சு வர்றது மட்டும்தான் தெரியும்."

"உடைஞ்சு வர்றது என்கிட்டதானே வருது! நீ வித்துட்டுக் கையைத் தட்டிட்டுப் போயிடுற. போனை எடுக்கிறது நான்!"

கத்திவிட்டேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். டீலர்களில் பாதிப் பேர் ஆர்டரை வாபஸ் வாங்கிவிட்டார்களாம். அந்தக் கணீர்க் குரல் டீலரம்மா மட்டும் போன் செய்தாளாம். லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் என்று உள்ளதை எழுதிக் கொடுத்தால் அவளே நாற்பது விற்பாளாம். அப்படிக் கேட்கிறவர்கள் அவளிடம் இருக்கிறார்களாம்.

"முந்நூறு பண்றோம். மீதி முந்நூறு சர்வீஸுக்கு. பாதி பெரியவருக்கு, பாதி பழசுக்கு. பன்னண்டு வருஷம்னு எழுதறோம். அதுக்கப்புறம் டிஸ்க் பிளேயர் கிடையாது. இதுதான் கடைசி. திங்கக்கிழமை வா."

"இதையே நான் மார்ச்ல சொன்னேன். நீ ஒத்துக்க இவ்வளவு ஆகணுமா?"

"நான் ஒத்துக்கல. தோத்துட்டேன். ரெண்டும் வேற."

எழுந்தான். வாசலில் நின்று, திரும்பாமலேயே சொன்னான்: "உன் மேல இருக்கிற கோபம் போகல. போகும்னு நினைச்சுக்காதே."

டீ அப்படியே இருந்தது. அவர் இரண்டையும் குடித்தார்.

மே 13, செவ்வாய்

ஷெல்ஃபில் முதல் வரிசை காலியாகிவிட்டது. முதுகு ஒடிகிறது. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. எதுவானாலும் அண்ணி மூலம்தான் வருகிறது.

ஜூன் 12, வியாழன்

காது டாக்டர் பிளேயரை நானே எடுத்துக்கொண்டு போனேன். யாரையாவது அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை.

மாலை வெயில் நேராக விழுகிற அறை. ஒரு சோபா, இரண்டு ஸ்பீக்கர், சுவர் நிறைய டிஸ்க். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூர். இணைப்பெல்லாம் கொடுத்து முடித்ததும், போகலாம் என்று எழுந்தேன். "இருங்கம்மா. உங்க காது எனக்கு வேணும்" என்றார்.

வயலின் டிஸ்க். வயலின் காதில் விழுகிறவரை நான் கையைத் தூக்கி வைத்திருக்கவேண்டும், அவரும் அப்படியே. எனக்கு விளையாட்டுபோல இருந்தது. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கிற பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வயலின் மேலே போனது, இன்னும் மேலே. அவர் கை இறங்கிவிட்டது.

என் கை மேலேயே இருந்தது. இறக்கிவிடலாமா என்று நினைத்தேன். ஒரு வினாடிதான். இறக்கவில்லை.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் வருதா?"

"வருது டாக்டர்."

"எப்படி இருக்கு?"

எப்படி என்று சொல்வேன்? "ரொம்ப மெல்லிசா இருக்கு. ஆனா நடுங்கல" என்றேன்.

தலையாட்டினார். சந்தோஷமாகவா, தெரியவில்லை. முடிகிறவரைக்கும் கேட்டோம். வாசல்வரைக்கும் வந்து, "பொய் சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன்" என்றார்.

காரில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அண்ணனுக்கு போன் செய்து சொல்லவேண்டும் போலிருந்தது. செய்யவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஸ்கேல் போகிறார். வேறு ஊரில், மருத்துவக் கருவி செய்கிற கம்பெனி. இனிமேல் டிஸ்க் பிளேயர் இல்லை என்றான பிறகு இங்கே அவருக்கு என்ன இருக்கிறது? முந்நூறு பெரியவரும் வாங்கினவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒன்று மிச்சமில்லை. அவர் பிள்ளைகளில் பாதி பிறக்கவே இல்லை.

கேன்டீனில் வைத்துக் கேட்டேன், என்மேல் கோபமா என்று.

"நீங்க சொன்னது சரிதான் மேடம். அதுல சந்தேகமே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா மூணு வருஷத்துல பெரியவர் முதல் தடவையா மேடை ஏறின நேரத்துல சொன்னீங்க" என்றார்.

 

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அண்ணன் லிஃப்டில் எனக்கு முன்னால் நின்றான். "மழை வரும்போல" என்றான். எனக்குத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். லிஃப்டில் வேறு யாரும் இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

அடுத்த வருஷத்துக்கான மீட்டிங், அதே கேட்கிற ரூமில். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எதைச் செய்வது என்று முடிவெடுக்கிற ஆரம்ப மீட்டிங்குக்கு சர்வீஸிலிருந்து இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. தவறுதலாக மெயில் வந்துவிட்டதோ என்று அண்ணியிடம் கேட்டேன். "லிஸ்ட் போட்டது அவர்" என்றாள்.

இனி எங்கள் பெரிய சரக்கு, நெட்டிலிருந்து பாடுகிற பெட்டி. அதே கனத்த அலுமினியம், அதே விலை. ஆப் எழுதுகிற குழுவின் தலைவி, கெட்டிக்காரப் பெண், படம் போட்டு விளக்கினாள். நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஓடுகிற ஒன்றே ஒன்றுகூடத் தேயாது என்றாள், என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தபடி.

கேட்கக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

"ஆப்பை எத்தனை வருஷம் புதுப்பிச்சுக் குடுப்போம்? பாட்டுக் கம்பெனிக்காரங்க அவங்க பக்கம் எதையாவது மாத்திட்டா, இந்தப் பெட்டி பாடுமா?"

அந்தப் பெண் தன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி, "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி அடுத்த படத்தைப் போடச் சொன்னாள்.

"போடாதே" என்றான் அண்ணன்.

நான் அவனைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"அவ கேட்டதுக்குப் பதில் வரட்டும். எத்தனை வருஷம்?"

அண்ணன் அந்த ஒற்றை நாற்காலியை விட்டு எழுந்து, ஒரு மடக்கு நாற்காலியை இழுத்து மேஜைக்கு அருகில் போட்டு உட்கார்ந்தான். போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தான். ஆப் குழுவின் தலைவி தன் ஆட்களுக்கு போன் செய்ய ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டை உள்ளேயே கொண்டுவரச் சொல்லிவிட்டு, அண்ணி விளம்பரத்துக்கு எழுதி வந்த தாளை எடுத்து, 'என்றும்' என்றிருந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்தாள்.